ஒலியால் புண் ஆறுமா? பெரியம்மாவின் கால்புண்ணை வைத்து ஒரு விளக்கம்

"ஸ்கேன் புடிச்சா புண்ணு ஆறிடுமாம்ல தம்பி, மெய்தானா?"

போன பொங்கலுக்கு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். கொழும்பில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருக்கும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். எந்த நாட்டு ஆஸ்பத்திரியோ தெரியாது. டோர்ச் லைட் அளவான கருவி ஒன்றை ஒரு தாதி புண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறார். அதிலிருந்து விடியற்காலை மூட்டம் மாதிரித் தண்ணீர்த்தூள் வந்து புண்ணின்மேல் படிகிறது. அடுத்த காட்சியில் புண் இருந்த இடத்தில் புதுத்தோல் பளபளக்கிறது. பெரியம்மாவுக்கு அந்த வீடியோ மனப்பாடம். புதுத்தோல் வரும் இடத்தில் அவர் விரல் தானாகவே திரையைத் தொட்டு நிறுத்தியது.

அவருடைய இடது காலில், உட்பக்கக் கணுவுக்கு நாலு விரல் மேலே, மூன்று வருடமாக ஒரு புண். தீப்பெட்டி அளவு இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் இறங்கும்போது தேயிலைக் கட்டை கீறியதில் தொடங்கியது. அன்றைக்கு இரத்தம்கூடப் பெரிதாக வரவில்லையாம். குப்பைமேனி அரைத்துப் போட்டார்கள். மஞ்சள் வைத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள். டவுன் பாமசியில் ஏதோ பவுடர் வாங்கிக் கொட்டினார்கள். ஆறுவது போல வரும், ஒரு மாதத்தில் மறுபடி வாய் திறக்கும்.

நான் டொக்டர் இல்லை. தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஒலி பாடத்தில் கழியொலி, அதாவது காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி, என்று ஒரு பகுதி வரும். வௌவால், கப்பல், கர்ப்பிணி ஸ்கேன் என்று கரும்பலகையில் மூன்று உதாரணம் எழுதிப் போட்டுவிட்டுத் தாண்டிவிடுவேன். பெரியம்மாவிடம் அப்படித் தாண்ட முடியவில்லை. படித்தும் கிளினிக்கில் கேட்டும் தெரிந்துகொண்டதை, அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

ஃபுட் வால்வு கதை

ஒலிக்குப் போகுமுன் கால். இந்தப் புண் ஏன் ஆறவில்லை என்று தெரியாமல், எது ஆற்றும் என்று பேசுவதில் பயனில்லை.

எங்கள் பக்கத்தில் கரட், லீக்ஸ் போடுகிறவர்கள் ஆற்றிலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு மோட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் அடிமுனையில், தண்ணீருக்குள், ஒரு ஃபுட் வால்வு இருக்கும். தண்ணீரை மேலே போக விடும், கீழே இறங்க விடாது. அது பழுதானால் என்ன நடக்கும்? மோட்டர் ஓடும்வரை தண்ணீர் ஏறும். நிறுத்தியதும் குழாயில் நின்ற தண்ணீர் முழுக்க ஆற்றுக்கே திரும்பிவிடும்.

காலிலும் இதே ஏற்பாடுதான். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவருவது நாடி. திரும்ப எடுத்துப் போவது நாளம். கணுக்காலிலிருந்து நெஞ்சுவரை மேட்டுக்கு ஏற வேண்டும். அதற்கு மோட்டர், நம் கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் தசை இறுகி, உள்ளே இருக்கும் நாளத்தைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாளத்துக்குள் படிப்படியாகச் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. தள்ளிய இரத்தம் திரும்பி விழாமல் தடுப்பது அவைதான்.

ஒரு கணக்கும் பார்த்துவிடலாம். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். (பாதரசத்தைத்தான் பாடப்புத்தகம் இரசம் என்கிறது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவன் சோறு எங்கே என்று கேட்பான்.) நல்ல கால் நடக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் நடந்தாலும் இறங்காது. நாள் முழுக்க, வருடக்கணக்காக, அந்த அழுத்தம் நுண்ணிய இரத்தக் குழாய்களை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதன் அடையாளங்கள் பெரியம்மாவின் காலில் புண் வருவதற்குப் பத்து வருடம் முன்பே இருந்தன. பின்னங்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. நரம்பு என்று சொன்னாலும் அது நாளம்தான். பின்னேரமானால் பாதம் வீங்கும், செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். கணுவுக்கு மேலே தோல் கறுத்து, பிளேன்டீ கோப்பையின் அடியில் படிந்த சாயம் மாதிரி ஒரு நிறம். குழாயிலிருந்து கசிந்த இரத்தச் சிவப்பணுக்களின் இரும்பு தோலில் தங்கிவிட்ட கறை அது. அரிப்பும் இருந்தது. "மலையில அட்டை கடிச்ச அரிப்புன்னு நெனச்சேன்" என்றார். அப்படிப்பட்ட தோல் சின்னக் கீறலைக்கூடத் தாங்காது. காயம் பட்டால் மூடுவதற்கு வேண்டிய ஒட்சிசனும் போசணையும் சரியாக வந்து சேராது.

இதில் ஒரு விஷயம் எனக்கே புதிது. நடந்தால் மோட்டர் ஓடும், நின்றால் ஓடாது. கொழுந்து பறிக்கிறவர்கள் நாளெல்லாம் மலையேறி இறங்குகிறார்கள், அவர்களுக்கு எப்படி இது வரும் என்று நினைத்தேன். பெரியம்மா சிரித்தார். "நடக்கிறது காலையில பெரட்டுக்குப் போறப்பவும் கொழுந்து நிறுக்கப் போறப்பவுந்தான். மத்த நேரம் நிரையில நிக்கிறதுதானே தம்பி." சரிவில் ஒரு காலை ஊன்றி, முதுகில் கூடையோடு, மணிக்கணக்காக நிற்பது. நாலு பிள்ளை பெற்றதும் சேர்ந்துகொண்டது. கர்ப்பமும் நாள்பட்ட நிற்பும் வயதும் இந்த வால்வுகளுக்கு ஆகாதவை.

எல்லாக் கால்புண்ணும் இந்த வகை இல்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். நாளப் புண்தான் அதிகம் என்றாலும், நாடி அடைபட்டு இரத்தம் வந்து சேராமல் வரும் புண் வேறு. அது பெரும்பாலும் விரல் நுனியில், குதியில், பாதத்தின் ஓரத்தில் வரும். காலைத் தூக்கி வைத்தால் வலி கூடும், கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால் குறையும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு உள்ளங்காலில், உணர்வு மரத்த இடத்தில், வலியே இல்லாமல் வரும் புண் இன்னொன்று. வெகுகாலம் ஆறாமல் ஓரம் தடித்து வளரும் புண்ணில் சில வேளை புற்றுநோய் ஒளிந்திருக்கும். அதற்குப் புண்ணிலிருந்து சின்னத் துண்டு திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் காலையே எடுக்க வைக்கும். எதனால் என்பது கீழே வரும்.

காதுக்கு எட்டாத ஒலி

நம் காதுக்கு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வுவரை கேட்கும். அதற்கு மேலே போனால் ஒலி இருக்கும், நமக்குக் கேட்காது. அதைத்தான் நம் பாடப்புத்தகம் கழியொலி என்கிறது. இந்தியப் பத்திரிகைகளில் மீயொலி என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஒலியை ஊதுகுழலால் எழுப்புவதில்லை. பிரான்ஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பிகள் 1880ல் ஒரு விசித்திரம் கண்டார்கள். குவாட்ஸ் போன்ற சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது. பின்னர் அதன் மறுபக்கமும் தெரியவந்தது. மின்சாரம் கொடுத்தால் பளிங்கு சுருங்கி விரிகிறது. ஒரு செக்கனுக்குப் பத்து லட்சம் தடவை மாறும் மின்சாரம் கொடுத்தால் அது பத்து லட்சம் தடவை அதிரும். அதுதான் ஒரு மெகாஹேர்ட்ஸ். வயிற்றுக்கு ஸ்கேன் பிடிக்கும் கருவிக்குள்ளும், முழங்கால் வலிக்குப் பிசியோ பிரிவில் தேய்க்கும் கருவிக்குள்ளும் இருப்பது இந்த அதிரும் பளிங்கின் இன்றைய வடிவங்கள்தான்.

பெரியம்மாவின் குழப்பம் இங்கேதான். ஸ்கேன் படம் எடுக்கும். ஒலியை அனுப்பி, உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுப் படமாக்கும். அந்த ஒலி உடம்பில் எதையும் மாற்றுவதற்காக அனுப்பப்படுவதில்லை. சிகிச்சை ஒலி வேறு. அது உடம்பில் ஏதாவது செய்ய வேண்டும் என்றே அனுப்பப்படுவது. ஆறாத கால்புண் விஷயத்தில் இந்த ஒலி மூன்று விதமான வேலைக்கு வருகிறது: தூண்ட, கழுவ, கேட்க. வீடியோக்களில் முதல் இரண்டும்தான் வரும். மூன்றாவது பார்க்க அழகில்லாதது.

தூண்டுவது

இதற்கு 1 முதல் 3 மெகாஹேர்ட்ஸ் வரையான ஒலி. ஒலி காற்றைத் தாண்டி உடம்புக்குள் சரியாக நுழையாது என்பதால் ஜெல் பூசுவார்கள், அல்லது காலைத் தண்ணீருக்குள் வைப்பார்கள். புண்ணின் ஓரத்துத் தோலில் கருவியை மெதுவாக வட்டமாக நகர்த்துவார்கள். ஐந்து பத்து நிமிடம், அவ்வளவுதான். 3 மெகாஹேர்ட்ஸ் மேலோட்டமாகவே உறிஞ்சப்பட்டுவிடும். 1 மெகாஹேர்ட்ஸ் இன்னும் ஆழம் போகும். தொடர்ந்து விட்டால் சூடேறும் என்பதால் விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக அனுப்புவது வழக்கம்.

இது ஏன் புண்ணை ஆற்ற வேண்டும்? ஒலி அலை திரவத்தில் போகும்போது அதை மெல்ல ஓடச் செய்கிறது, நுண்ணிய வாயுக் குமிழிகளை விரித்துச் சுருக்குகிறது. கலங்களின் சவ்வுக்கு அருகில் இந்த அசைவு நடந்தால் சவ்வின் வழியாகப் போக்குவரத்து மாறுகிறது. புண்ணில் குப்பை அள்ளும் வெள்ளணுக்கள், புதுத் திசு நெய்யும் கலங்கள் எல்லாம் சுறுசுறுப்பாவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மேரி டைசனும் உடன் வேலை செய்தவர்களும் 1976ல் நாளப் புண் உள்ளவர்களிடம் இதைச் சோதித்து, ஒலி கொடுத்த புண்கள் அதிகம் சுருங்கியதாக எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதைத் தொடர்ந்து பல இடங்களில் நம்பிக்கை பிறந்தது.

கழுவுவது

இதற்குத் தாழ்ந்த ஒலி, ஏறத்தாழ 20 முதல் 40 கிலோஹேர்ட்ஸ். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைச் சின்னத் தொட்டித் தண்ணீரில் போட்டு ஒரு பட்டனை அமுக்கியதும் அழுக்கு புகை மாதிரிக் கிளம்புவதைப் பார்த்திருந்தால், அதே தத்துவம். தண்ணீரில் கோடிக்கணக்கான நுண்குமிழிகள் உண்டாகி உடைகின்றன. உடையும் ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒட்டியிருப்பதை ஒரு குத்துக் குத்துகிறது.

நாள்பட்ட புண்ணின்மேல் மஞ்சள் நிறமாக, பாலாடை மாதிரி வழுவழுப்பாக ஒரு படை இருக்கும். செத்த திசுவும் கிருமிகளும் சேர்ந்து தமக்குத்தாமே கட்டிக்கொண்ட மெத்தை அது. மருந்து உள்ளே போகாது, புதுத்தோல் அதன்மேல் ஏறாது. கருவியின் முனையைச் சலைன் ஓட ஓடப் புண்ணில் வைத்து இந்தப் படையைக் கிளப்புவது ஒரு முறை. கத்தியால் சுரண்டுவதைவிட நல்ல திசுவுக்குச் சேதம் குறைவு. ஆனால் தூவானம் தெறிக்கும், அதோடு கிருமியும் பறக்கும். அதனால் முகக்கவசமும் தனி அறையும் வேண்டும். பெரியம்மா பார்த்த வீடியோ இன்னொரு முறை: 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியால் சலைனைத் தூளாக்கி, கருவி புண்ணைத் தொடாமலே அதன்மேல் படிய விடுவது. வலி குறைவு என்பதால் நோயாளிகளுக்குப் பிடிக்கிறது.

சரி, ஆறுகிறதா?

இவ்வளவு அழகான விளக்கம் இருந்தால் ஆறத்தானே வேண்டும் என்று நினைப்போம். நானும் நினைத்தேன். மருத்துவத்தில் விளக்கம் ஒரு பக்கம், எண்ணிப் பார்ப்பது மறுபக்கம்.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 337 நோயாளிகளை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். வீனஸ்-3 என்று பெயர், 2011ல் வெளிவந்தது. எடுத்துக்கொண்டவை இலகுவில் ஆறாத புண்கள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்டவை அல்லது ஐந்து சதுர சென்ரிமீற்றருக்கு மேல் பெரியவை. பெரியம்மாவின் புண் இரண்டிலும் பாஸ். ஒரு பாதிக்கு வழக்கமான மருந்துக்கட்டும், காலை இறுக்கிச் சுற்றும் இறுக்கக் கட்டும் (அதுதான் நாளப் புண்ணுக்கு முதல் வைத்தியம், கீழே வரும்). மற்றப் பாதிக்கு அதோடு கிழமைக்கு ஒருமுறை 1 மெகாஹேர்ட்ஸ் துடிப்பு ஒலி, 12 கிழமைவரை. ஆற எடுத்த காலத்தில் வித்தியாசம் இல்லை. ஒலி கொடுத்தவர்களிடம் சிறு சிறு உபாதைகள்தான் கொஞ்சம் அதிகம் பதிவாகின.

ஒரு ஆய்வை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து நிறுக்கும் கொக்ரேன் அமைப்பு 2017ல் இந்தச் சிகிச்சைபற்றி 11 ஆய்வுகளை அலசியது. உயர்ந்த ஒலியானாலும் தாழ்ந்த ஒலியானாலும் நாளப் புண்ணை ஆற்றுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. பல ஆய்வுகள் சிறியவை, சில சரியாக நடத்தப்படாதவை.

இதை வைத்து இந்தச் சிகிச்சையை ஏமாற்று என்று தள்ள மாட்டேன். புண்ணைச் சுத்தம் செய்யும் கருவியாகத் தாழ்ந்த ஒலிக்கு ஓரிடம் இருக்கலாம். ஆனால் கழுவிய புண்ணுக்குக் கீழே அதே 80, 90 அழுத்தம் தள்ளிக்கொண்டிருந்தால்? ஃபுட் வால்வு பழுதான குழாய்க்கு வெளியே பெயின்ட் அடித்த கதைதான். இந்த ஒலிச் சிகிச்சை கொடுக்கும் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பத்துத் தடவை ஒலி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் காசு. பத்துத் தடவையிலும் யாரும் அவர் காலுக்கு ஒரு கட்டுப் போடவில்லை, கால் நாடியைத் தொட்டும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

கேட்பது

இனி அழகில்லாத மூன்றாவது வேலை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஹட்டன் பாதையில் வளைவில் நிற்கிறீர்கள். பிரைவேட் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறது. கிட்ட வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், உங்களைத் தாண்டியதும் சட்டென்று தடித்துவிடும். பஸ்காரன் ஹோர்னை மாற்றவில்லை. நெருங்கும் பொருளின் ஒலி நெருக்கியடித்து வருகிறது, விலகும் பொருளின் ஒலி நீண்டு வருகிறது. 1842ல் கிறிஸ்டியன் டொப்ளர் இதைச் சொன்னார்.

ஓடும் இரத்தமும் பஸ் மாதிரித்தான். பேனா போன்ற ஒரு கருவியிலிருந்து கழியொலியைச் சாய்வாக அனுப்பினால், ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் மாறி வரும். அந்த மாற்றம் நம் காதுக்குக் கேட்கும் அளவில் இருப்பதால் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டால் போதும். இரத்தம் ஓடும் சத்தம் கேட்கும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். கையில் பிரஷர் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பட்டி கட்டி, காற்றடித்து, டொப்ளர் சத்தம் நிற்கும்வரை இறுக்கி, மெல்ல விட்டு, சத்தம் திரும்பும் இடத்தைக் குறிப்பார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் வருவது கணு-கை விகிதம். பெரியம்மாவுக்குக் கையில் 140, கணுக்காலில் 133. வகுத்தால் 0.95. நாடி நன்றாக இருக்கிறது, இறுக்கிக் கட்டலாம். 0.8க்குக் கீழே போனால் எச்சரிக்கை. 0.5க்குக் கீழே என்றால் கட்டே போடக் கூடாது, உடனே நாடியைத் திறக்க வழி பார்க்க வேண்டும். ஏற்கெனவே இரத்தம் வராத காலை வெளியிலிருந்தும் நெரித்தால் விரல்கள் கறுத்துச் செத்துப்போகும். காலையே எடுக்க வைக்கும் என்று மேலே சொன்னது இதைத்தான். சீனி வருத்தக்காரர்களில் சிலருக்கு நாடி சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கும், அதனால் விகிதம் 1.3க்கு மேலே பொய்யாக ஏறிக் காட்டும். அந்த எண்ணை நம்பிக் கட்டக் கூடாது. வேறு பரிசோதனை வேண்டும்.

ஆக மூன்று ஒலி வேலைகளில், புண்ணைத் தொடாமல் சத்தம் மட்டும் கேட்கிற இதுதான் வைத்தியத்தையே தீர்மானிக்கிறது.

கட்டு

நாளப் புண்ணுக்கு இன்றைக்கும் முதல் வைத்தியம் இறுக்கக் கட்டுத்தான். விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழேவரை, கணுவில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசம் அழுத்தம் வரும்படி, மேலே போகப் போகத் தளரும்படி. வெளியிலிருந்து அழுத்தினால் புடைத்த நாளம் ஒடுங்கி, விலகிப்போன வால்வு இதழ்கள் மறுபடி கிட்ட வரும். தசை இறுகும்போது கட்டு ஒரு சுவர் மாதிரி நின்று, பிழியும் பலத்தை வீணாகாமல் உள்ளே திருப்பும்.

இதில் ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்குச் சந்தோஷமான விஷயம்: மேலே தளர்த்தவென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரே இழுப்பில், ஒரே மாதிரி பாதி பாதி மேலேறும்படி சுற்றிக்கொண்டு போனாலே போதும். மெலிந்த வட்டத்தில் அதே இழுப்பு கூடின அழுத்தம் தரும், தடித்த வட்டத்தில் குறைந்த அழுத்தம் தரும். கணு மெலிவு, கெண்டை தடிப்பு. கணக்கு தானாகவே சரியாகிவிடும். எலும்பு துருத்திய முன்காலில் மட்டும் அடியில் பஞ்சு வைக்க வேண்டும்.

ஆனால் பார்த்ததை வைத்து வீட்டில் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். கிளினிக்கில் கட்டியது நனைந்துவிட்டதென்று பெரியம்மாவின் மகன் ஒரு பழைய க்ரேப் பாண்டேஜை எடுத்து, கெண்டையில் இறுக்கி, கணுவில் தளர்வாகக் கட்டிவிட்டான். சரிக்குத் தலைகீழ். இரவு பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி விரல்கள் நீலம் பாய்ந்துவிட்டன. கத்தரியால் வெட்டி எடுத்தோம். துவைத்துத் துவைத்து நைந்த க்ரேப் துணிக்கு இழுவையும் நிற்காது. அதற்கென்று வரும் கட்டுத்துணி வேறு. கட்டப் பழகிய கை வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ வலி கூடினாலோ யாரையும் கேட்காமல் உடனே அவிழ்க்க வேண்டும்.

கட்டுக்கு அடியில் புண்ணின்மேல் என்ன வைக்கிறோம் என்பதில் நாம் நினைக்கிற அளவுக்கு மந்திரம் இல்லை. "காத்தாட விட்டாத்தான் காயும்" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஜோர்ஜ் வின்டர் 1962ல் பன்றிகளின் தோலில் செய்த பரிசோதனை அதைக் கவிழ்த்துவிட்டது. மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயத்தில், காய விட்டதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. புதுத்தோல் கலங்கள் ஈரத்தில் நகர்கின்றன, பொருக்கில் முட்டி நிற்கின்றன. பாமசிப் பவுடரைக் கொட்டுவது இன்னும் மோசம். நாள்பட்ட கால்புண்ணைச் சுற்றிய தோலுக்குச் சில நுண்ணுயிர்கொல்லி மருந்துகளால் ஒவ்வாமை வருவது சாதாரணம். பெரியம்மாவுக்குப் புண்ணைவிடச் சுற்றிலும் அரித்துச் சிவந்தது அதனால்தான் என்று டொக்டர் சொன்னார்.

கட்டுக்கு அடுத்தது நாளத்தையே சரிசெய்வது. மேலோட்டமான பழுது நாளத்துக்குள் மெல்லிய குழாயை விட்டுச் சூட்டால் மூடிவிடலாம், அல்லது மருந்து நுரையை ஏற்றி ஒட்ட வைக்கலாம். இரத்தம் நல்ல நாளங்களின் வழியே போய்க்கொள்ளும். இங்கிலாந்தில் 450 பேரிடம் நடந்த ஈவ்ரா என்ற ஆய்வு 2018ல் வந்தது. எல்லாருக்கும் கட்டு உண்டு. நாளத்தை உடனேயே மூடியவர்களில் பாதிப்பேருக்குப் புண் ஆற 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இதில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கட்டோடு மட்டும் காத்திருந்தவர்களிலும் 24 கிழமைக்குள் நூற்றுக்கு 76 பேருக்கு ஆறிவிட்டது. அவை ஆறு மாதத்துக்கு உட்பட்ட புண்கள், பெரியம்மாவினது போல மூன்று வருடப் புண் அல்ல. ஆனாலும் ஆறாத புண் என்று ஊர் பெயர் வைத்துவிட்டதில் எத்தனை, சரியாகக் கட்டாத புண்களாக இருக்கும் என்று யோசிக்க வைக்கிறது. நாளத்தை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்தால் திரும்பி வருவதும் குறைகிறது. 2004ல் வெளிவந்த இன்னொரு பிரித்தானிய ஆய்வில், ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் மீண்டும் வந்தது கட்டு மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு, அறுவையும் செய்தவர்களில் 12 பேருக்கு.

ஒலி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விதான். டொப்ளர் பார்த்தாயிற்றா? ஒலியோடு கட்டும் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால், சுத்தம் செய்யும் துணையாக அதை ஏற்கலாம். காலில் இரத்தக் கட்டி இருப்பவர், புண்ணில் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர், சிவந்து பரவும் கிருமித் தொற்றோடு காய்ச்சல் அடிப்பவர், நாடி அடைபட்டவர் இதற்குப் போகக் கூடாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மாவை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது மாசியில். விடிய நாலரைக்கு லயத்திலிருந்து இறங்கி, முதல் பஸ் பிடித்து, நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் உட்கார்ந்தோம். உள்ளே போனதும் தாதி மிஸ் கணுவில் ஜெல் பூசிப் பேனாவை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடாத மாதிரி. பேனாவை ஒரு நெல்லளவு நகர்த்தினார். உஷ்க், உஷ்க், உஷ்க் என்று அறை முழுக்கக் கேட்டது. பெரியம்மா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "ஒங்க ரத்தம் ஓடுற சத்தம் அம்மா" என்று மிஸ் சொன்னார். பிறகு ஒரு பொலித்தீன் தாளைப் புண்மேல் வைத்துப் பேனையால் ஓரத்தை வரைந்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்தார்.

இப்போது கொப்பியில் ஆறு தாள் இருக்கிறது. முதல் தாளில் தீப்பெட்டி, கடைசித் தாளில் கட்டைவிரல் நகம். இன்னும் மூடவில்லை. மூடினாலும் இறுக்கக் காலுறையைக் கழற்ற முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள், வால்வு வால்வுதான். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறார்.

போன கிழமை மகள் கொழும்பிலிருந்து எடுத்து, அந்த மெஷின் வைக்கவில்லையா என்று கேட்டாளாம். "வச்சாங்கடி" என்றாராம் பெரியம்மா. "ஆத்துறதுக்கு இல்ல. கேக்குறதுக்கு."